பந்தியில் மாறிய முகம்

தயாளன் தூங்கும்போது அவன் வலது கை மட்டும் தனியாக ஒரு வேலை செய்யும். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெத்தைக்கு ஒரு சாண் மேலே எதையோ மூடுவதுபோல் பிடித்திருப்பான். கல்யாணமான புதிதில் வினோதினி அந்தக் கைக்குக் கீழே தன் கன்னத்தைக் கொண்டுபோய் வைப்பாள். தூக்கத்தில்கூட என்னைத் தேடுகிறான் என்று நினைத்துக்கொள்வாள். ஒன்பது வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது சாப்பாட்டு இலையை மூடுகிற கை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரிந்தது.

அன்று ஸ்டுடியோவிலிருந்து ஒரு பதிவுப்பட்டையை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். நெற்றியில் கட்டிக்கொண்டு தூங்கினால் காணும் கனவு அப்படியே பதிவாகிவிடும். வினோதினி கனவுப் படங்களுக்கு எடிட்டர். சாலிகிராமத்தில் ஒரு காலத்தில் டப்பிங் தியேட்டராக இருந்த கட்டிடங்களில் இப்போது வரிசையாகக் கட்டில் போட்டிருக்கிறார்கள். கனவு விற்க வருகிறவர்கள் படுத்துத் தூங்கிவிட்டு, எழுந்து முகம் கழுவிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கனவுகளை வெட்டி ஒட்டிப் படமாக்குவது அவள் வேலை. பழுது பார்த்து வந்த பட்டை சரியாகப் பதிகிறதா என்று சோதிக்க வேண்டியிருந்தது.

"எனக்குக் கட்டிப் பாரேன்," என்றான் தயாளன். வத்தக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்ட மயக்கத்தில் சோபாவில் பாதி சாய்ந்திருந்தான்.

"வேணாம்ப்பா. நீ எந்த நடிகையோட கொடைக்கானல் போறேன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா என்ன, ரெண்டு டிக்கெட் போட்டுக் குடு." சிரித்துவிட்டு, சட்டென்று முகம் மாறியவனாகச் சொன்னான். "ஆனா வினோ, பதியுதான்னு மட்டும் பாரு. பார்த்துட்டு அழிச்சிடணும்."

"சத்தியமா அழிச்சிடறேன்."

படுப்பதற்கு முன் மணி பார்த்தான். மூன்றே கால். போனை எடுத்து விழுப்புரத்திலிருந்த அப்பாவைக் கூப்பிட்டான்.

"சாப்டியாப்பா? என்ன குழம்பு? சரி. மாத்திரை போட்டுக்கோ."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் ஒரு நாளும் தவறாது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் வகுப்பை விட்டு வெளியே வந்து பேசுவான் என்று அவனோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். உலகமே ஒரு மணிக்குச் சாப்பிடும்போது மாமா மட்டும் ஏன் மூன்றே காலுக்குச் சாப்பிடுகிறார் என்று அவள் கேலி செய்தால், "அவருக்கு அப்படியே பழகிடுச்சு" என்பான்.

மாமனார் சபாபதி கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் ஒருவரிடம் முப்பது வருடம் பந்தி பரிமாறியவர். கடைசிப் பந்தி எழுந்து, மேசையைத் துடைத்த பிறகுதான் பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாடு. வேலையை விட்டு ஐந்து வருடமாகியும் அந்த நேரத்துக்குத்தான் அவருக்குப் பசிக்கும்.

அரை மணி நேரத்தில் தயாளனின் கை எழும்பியது. மடிக்கணினித் திரையில் படம் வர ஆரம்பித்தது.

கல்யாண மண்டபம். முடிவே இல்லாத நீளத்துக்கு ஒரு பந்தி. இருபத்தோரு வயது தயாளன் கல்லூரி நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான். எல்லாருக்கும் இலை பச்சையாக இருக்கிறது. அவன் இலை மட்டும் மூச்சு விடுவதுபோல் மேலும் கீழுமாக அசைகிறது. தூரத்தில் ரச வாளியோடு ஒருவர் வருகிறார். சபாபதி. பக்கத்து நண்பன், "உங்கப்பா ஹோட்டல் நடத்துறாருன்னு சொன்னியே, எங்கடா, எந்த ஊர்ல?" என்று கேட்கிறான். தயாளன் அவரைப் பார்க்கிறான். அவரும் பார்க்கிறார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கிறான். வாளி அவன் முன்னால் வந்து நிற்கிறது.

"சார், ரசம் ஊத்தட்டுமா?" என்கிறார் சபாபதி.

அவன் கையால் இலையை மூடுகிறான். ரசம் விழுகிறது. விரல் இடுக்கு வழியாக, முழங்கை வழியாக, மேசை தாண்டி, மண்டபம் நிறைகிறது. இடுப்பளவு ரசத்தில் பந்தியில் இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கரண்டி நிற்கவில்லை. "சார், இன்னும் கொஞ்சம்? சார், இன்னும் கொஞ்சம்?"

தயாளன் திடுக்கிட்டு எழுந்தான். கழுத்தெல்லாம் வேர்வை.

"என்ன வந்துச்சு?" அவன் அவள் முகத்தைத்தான் பார்த்தான், திரையைப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றைச் சொல்லியிருந்தால் அவள் நல்ல மனைவியாக இருந்திருப்பாள்.

"ஒண்ணுமே பதியலை. பட்டை இன்னும் ரிப்பேர்தான் போல," என்று மடிக்கணினியை மூடினாள்.

அவன் பெருமூச்சு விட்டான். அப்பாடா என்பது அதில் அப்படியே கேட்டது.

அழிக்கத்தான் நினைத்தாள். திங்கள்கிழமை காலை ஸ்டுடியோவுக்குப் போகும்வரை அழிக்கத்தான் நினைத்தாள்.

அங்கே இயக்குநர் ஜெரோம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய புதுப் படம் 'கண் சொருகும் நேரம்'. முழுக்க முழுக்கக் கெட்ட கனவுகளால் ஆன படம். இரண்டு மாதமாக உச்சக்கட்டம் மட்டும் அமையவில்லை.

"வினோ, நம்ம ஜனங்களுக்குப் பயப்படக்கூடத் தெரியலைம்மா. நேத்து பதினேழு பேர் தூங்கினாங்க. ஒம்போது பேருக்குப் பல்லு விழுது. நாலு பேர் பரீட்சை ஹால்ல பேனா இல்லாம நிக்கிறாங்க. மிச்சப் பேருக்குக் கதவு இல்லாத பாத்ரூம். இதுக்கு யாரு டிக்கெட் வாங்குவா? எங்க வீட்லயே வர மாட்டாங்க."

"எல்லாரும் வெளியில இருந்து வர்ற பயத்தையே காணுறாங்க சார்."

"அதேதான்! தன்னைப் பார்த்தே ஒருத்தன் பயப்படணும். அப்படி ஒண்ணு எங்கயாவது கிடைக்குமா?"

அவள் வாய் திறந்தது. தன் குரலைத் தானே யாருடையதோ போலக் கேட்டாள். "ஒண்ணு இருக்கு சார்."

முகங்களை மங்கலாக்கித்தான் போட்டுக் காட்டினாள். ஜெரோம் அதைப் பார்த்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "யாரும்மா இந்தப் புண்ணியவான்?"

"முரளிதரன்னு ஒருத்தர். அம்பத்தூர். முகத்தை மட்டும் மாத்திட்டா போதும்னாரு." சம்மதப் படிவத்தில் அந்த இல்லாத மனிதனுக்கு அவளே கையெழுத்துப் போட்டாள். அது இடது கையால் போட்டதுபோல் கோணலாக வந்தது.

முகம் மாற்றுவது அவர்கள் தொழிலில் கட்டாயம். ஒருவர் கனவில் வருகிற சொந்தக்காரர்களின் முகத்தை எடுத்துவிட்டு, முகத்தை வாடகைக்குத் தந்தவர்களின் முகத்தைப் பொருத்துவார்கள். சபாபதியின் ஒட்டிய கன்னமும் வெற்றிலைச் சிரிப்பும் இருந்த இடத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவரின் பெரிய மீசை வந்தது. தயாளன் முகத்தில் வேறொரு இளைஞன். நண்பன் கேட்ட ஹோட்டல் கேள்வியை ஜெரோம் வெட்டச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்.

"அவன் முதல்லயே மூஞ்சியத் திருப்பிட்டா ஜனங்களுக்கு அவன் மேல வெறுப்பு வந்துடும். 'சார்'ங்கிறதை முன்னால போடு. பெத்த அப்பன் தன்னை யாருன்னே தெரியாத மாதிரி கூப்பிடுறான். அப்புறம் பையன் திரும்பிக்கிறான். அதுதான் திகில்."

மாற்றினாள். ஒரு நொடி வேலை. மிக நன்றாக இருந்தது. தன் வேலையைப் பார்த்துத் தானே சிலிர்த்ததை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஜெரோம் அவளுக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். கனவுப் படத்தைத் திரையில் பார்ப்பதில்லை. தியேட்டரில் சாய்வு நாற்காலியில் படுத்து, பட்டையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிப் பார்ப்பது. மற்றவர்களுக்கு அது ஒரு மணி நேரத்துக் கனவு. எழுந்து டீ குடித்தால் தெளிந்துவிடும்.

"ஆனா கனவுக்கு உடையவங்க மட்டும் படத்தைப் பார்க்கவே கூடாது," என்றார் அன்று. "நம்ம வெட்டி ஒட்டினது போய் அவங்க கனவு மேலயே உட்கார்ந்துக்கும். பழசு அழிஞ்சிடும். முதல் படத்துல ஒரு அம்மா, செத்துப்போன குழந்தையைக் கனவு கண்டவங்க. ஆசையா வந்து படத்தைப் பார்த்துட்டாங்க. நாம வேற குழந்தை முகம் வெச்சிருந்தோம். அதுக்கப்புறம் அவங்களுக்கு அந்தக் குழந்தை முகம் ஞாபகத்துக்கு வரவே இல்ல. போட்டோவக் காட்டினா யாருங்கிறாங்க."

"ஒரிஜினலைத் திரும்பப் போட்டுக் காட்டலாமே சார்?"

"இருந்தாத்தானே? படம் முடிஞ்சதும் மூலத்தை அழிச்சிடணும்னு சட்டம். அடிக்கடி வர்ற கனவுன்னா இன்னும் மோசம். கனவும் நடந்ததும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டும் சேர்ந்து போயிடும்."

அதனால்தான் தியேட்டர் வாசலில் உடையவர் பட்டியல் ஒன்று தொங்கும். அதில் பெயர் உள்ளவர்களை உள்ளே விட மாட்டார்கள். 'கண் சொருகும் நேரம்' பட்டியலில் அம்பத்தூர் முரளிதரன் பெயர் இருந்தது. தயாளன் பெயர் இல்லை.

ஜெரோமுக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் வெளியாகும் முன்பு, வேலை செய்த அத்தனை பேர் குடும்பத்தையும் அழைத்துக் காலைக் காட்சி போட்டு, மதியம் பிரியாணி போடுவார். வராவிட்டால் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பார்.

"தலைவலி வரும் தயா. உனக்குத்தான் கெட்ட கனவே பிடிக்காதே," என்று வினோதினி பத்து நாளாகச் சொல்லிப் பார்த்தாள்.

"என் பொண்டாட்டி எடிட் பண்ண முதல் பெரிய படம். தலை வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. அப்பாவையும் வரச் சொல்லியிருக்கேன்."

"மாமாவையா?"

"ஏன், அவரு கனவு காண மாட்டாரா?"

சபாபதி முதல் நாளே வந்துவிட்டார். பையில் முறுக்கும், வெள்ளை வேட்டியும் இருந்தன. "எடிட்டர் வூட்டு மாமனாருன்னு சொன்னா முன் சீட்டு குடுப்பாங்களா கண்ணு?" என்று கேட்டார்.

காட்சி நாள் காலையில் தயாளன் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் போய் நின்றாள். "தயா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். கண்ணாடியில் அவன் முகம் அவளுக்காகப் பெருமையில் மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெருமை அணைவதைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அவனுக்கு என்ன ஆகும் என்பதைவிட, அவன் தன்னை எப்படிப் பார்ப்பான் என்பதே அந்த நிமிடம் பெரிதாக இருந்தது.

"சட்டைக் காலர் மடங்கியிருக்கு," என்று சரி செய்துவிட்டாள்.

தியேட்டரில் எல்லாரும் படுத்தபோது அவள் மட்டும் பட்டையைக் கட்டவில்லை. இருட்டில் இரண்டு முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் தயாளனின் வலது கை எழுந்து, கவிழ்ந்து, நடுங்கியது. ஓடிப்போய்ப் பட்டையைப் பிய்த்து எறிந்திருக்கலாம். அவள் எழுந்தாள். பக்கத்து நாற்காலியில் ஜெரோமின் மனைவி ரசித்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். வினோதினி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு, தயாளனின் கை மெதுவாகத் தளர்ந்து மடியில் விழுந்தது. அதற்குப் பின் அது எழவேயில்லை.

பிரியாணித் தட்டோடு வந்தவன், "செமயா இருந்துச்சு வினோ," என்றான். "அந்தக் கல்யாண சீன்தான் டாப். பாவம் அந்த மீசைக்காரர். பெத்த பிள்ளையவே அடையாளம் தெரியலை பாரு, வயசாச்சுல்ல?"

அவள் அவன் கண்ணுக்குள் தேடினாள். அங்கே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நல்ல படம் பார்த்தவனின் கண்.

சபாபதி சாப்பிடவில்லை. முகத்தை மட்டும்தான் அவள் மாற்றியிருந்தாள். அவருடைய குரலை மாற்றிப் பார்த்தபோது காட்சி செத்துப்போனது. அதனால் லேசாகக் கனமாக்கி அப்படியே விட்டிருந்தாள். தன் குரலும், தான் வாளி பிடிக்கிற விதமும் ஒரு மனிதருக்குத் தெரியாமல் போகுமா?

வீட்டுக்கு வந்ததும் அவர் மகன் அருகில் போய் உட்கார்ந்தார்.

"தயா, அந்தப் பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கல்யாணம். உன் கூடப் படிச்ச பையனோட அக்கா கல்யாணம். அன்னிக்கு நடந்ததுக்கு நான் ஒண்ணும்..."

"எந்தக் கல்யாணம்ப்பா? ஓ, பிரவீன் அக்காவா? போயிருந்தோம். சாப்பாடு பிரமாதம்." தயாளன் யோசித்தான். "நீ எப்படிப்பா அங்க? நீயும் வந்திருந்தியா?"

சபாபதி மகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மருமகளைப் பார்த்தார்.

மறுநாள் காலை எழும்பூரில் ரயில் ஏற்றிவிட அவளே போனாள். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதினாலு வருசமா அவன் மனசுல அது அப்படியே இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். "அன்னிக்கு நானாத்தான் 'சார்'னு கூப்பிட்டேன் கண்ணு. கூட இருக்கிற பசங்க கேவலமா பேசக் கூடாதுன்னு. அவனுக்கு ஒத்தாசை பண்றதா நெனச்சேன். மறுநாள் நாங்க இலை போட்டு உட்கார்ற நேரத்துக்குப் போன் வந்துச்சு. 'சாப்டியாப்பா'ன்னு. அதுக்கு முன்னால அவன் அப்படிக் கேட்டதே இல்ல. அதுக்கப்புறம் ஒரு நாள் தவறினதில்ல. அந்தப் போன் எதுக்குன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். வாயத் தொறந்து பேசிக்கல, அவ்ளோதான்."

வினோதினி தலையை நிமிர்த்தவில்லை. "என்கிட்ட மூலம் இருக்கு மாமா. அழிக்கலை. அதைப் போட்டா எல்லாம் திரும்ப வந்துடும்."

"வேணாம்." அவர் வேகமாகச் சொன்னார். "நிம்மதியாத் தூங்கட்டும். நீயும் சொல்லாத. சொன்னா உன்னை அவன் மன்னிக்க மாட்டான். குடும்பம் நல்லா இருக்கணும்."

ரயில் நகர்ந்தபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. அது வந்ததைக் கண்டுபிடித்தபோது நடைமேடையிலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

முதல் வாரம் பழக்கத்தில் தயாளன் மூன்றே காலுக்குப் போனை எடுத்தான். எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று யோசித்தான். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் ஞாயிறு காலையில், மின் கட்டணம் கட்டுவது பற்றி. ஒரு சனிக்கிழமை மதியம் மூன்றே காலுக்கு வினோதினியின் போன் அடித்தது. மாமனார்.

"ஒண்ணுமில்ல கண்ணு. என் போன் வேல செய்யுதான்னு பார்த்தேன்," என்று வைத்துவிட்டார்.

தயாளன் நன்றாகத் தூங்கினான். இரண்டு கிலோ எடை கூடினான். வகுப்பில் சிரிக்க வைக்கிறான் என்று மாணவர்கள் சொன்னார்கள். இதில் என்ன தப்பு, நல்லதுதானே நடந்திருக்கிறது என்று வினோதினி தனக்குத்தானே தினமும் ஒரு வழக்கு நடத்தி, தினமும் ஜெயித்தாள்.

ஆவணியில் அவனோடு வேலை செய்யும் பேராசிரியர் மகள் கல்யாணம் வந்தது. முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போனார்கள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தயாளனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பரிமாற வருகிறவரை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்பான். இலைக்குக் கீழே எதையும் சிந்த மாட்டான். எழுந்ததும் சமையல்கட்டுப் பக்கம் போய், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருவான். அவன் அப்படிச் சொல்வதைப் பார்த்த ஒரு கல்யாணத்தில்தான் அவள் மனம் அவனிடம் போனது.

அன்று ரச வாளியோடு வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கை நடுங்கி, இரண்டு சொட்டு தயாளனின் பட்டுச் சட்டையில் தெறித்தது.

"யோவ்! கண்ணு தெரியலைன்னா எதுக்குய்யா வாளியத் தூக்கிட்டு வர்றீங்க? வேற ஆளே இல்லையா உங்ககிட்ட?" விரலைச் சொடுக்கினான். "தண்ணி கொண்டா. சீக்கிரம்."

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார் அவர்.

வினோதினி கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தாள். தன் கணவனிடமிருந்து கெட்ட கனவைத்தானே எடுத்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத் தன்னையே ஆக்கிக்கொண்டிருந்த ஒரு நல்ல மனிதனை எடுத்துவிட்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. சமையலை முடித்துவிட்டு, பட்டையையும் மடிக்கணினியையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். இந்த முறை உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவோம் என்று பயம். நின்றபடியே சொன்னாள். பட்டை பழுது என்று சொன்ன பொய், முரளிதரன், மீசை, கண்ணாடி முன்னால் சொல்லாமல் விட்டது, தியேட்டரில் எழுந்து உட்கார்ந்தது. ஜெரோம் கேட்டதால்தான் என்று சொல்ல நாக்கு எழுந்தது, அதை அடக்கினாள்.

தயாளன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே வினோ. கோபம்கூட வரலை. யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு."

"தெரியும்."

"அப்பாவை நான்... அப்படிப் பண்ணியிருக்கேனா?"

"இதுல இருக்கு. ஆனா மாமா வேணாம்னாரு. இதைப் பார்த்தா திரும்ப வந்துடும். தினமும் வரும். பார்க்கலைன்னா நிம்மதியா இருக்கலாம். அது உன்னோடது. நீதான் சொல்லணும்."

அவன் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நேத்து அந்தப் பெரியவரை நான் திட்டினப்போ நீ ஏன் அப்படிப் பார்த்தேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்," என்றான். பிறகு சோபாவில் படுத்தான். "கட்டு."

பதினோரு நிமிடம் ஓடியது. நடுவில் கை எழுந்தது. விரல்கள் சேர்ந்து கவிழ்ந்தன. அவள் அந்தக் கையைப் பிடிக்கப் போய், உரிமை இல்லை என்று தோன்றி, தன் கையை இழுத்துக்கொண்டாள்.

எழுந்தவன் பட்டையைக் கழற்றி வைத்தான். சுவரில் மணி மூன்று பத்து. ஐந்து நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருந்து, போனை எடுத்தான். அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"சாப்டியாப்பா?" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். சமையலறையில் நின்றிருந்த வினோதினிக்கு, போனிலிருந்து சபாபதியின் குரல் மெல்லியதாகக் கேட்டது. "அட என்னப்பா இது. சாப்பிடத்தான் உட்கார்ந்தேன். அழாத. ரசம் சாதம்தான் இன்னிக்கு. அழாதடா தம்பி." முதல் முறையாக அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தைத் தாண்டியது. அரை மணி நேரமாகியும் முடியவில்லை. இடையிடையே சிரிப்பும் கேட்டது.

பேசி முடித்து, முகம் கழுவி, அவன் சாப்பிட வந்து உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். உப்பு போதுமா, காரம் அதிகமா என்று எதையாவது சொல்ல மாட்டானா என்று அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரசக் கிண்ணத்தில் கரண்டியை விட்டு எடுத்தாள்.

"தயா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

அவன் நிமிரவில்லை. வலது கை எழுந்து, விரல்கள் சேர்ந்து, தட்டின் மேல் கவிழ்ந்தது.

"போதுங்க," என்றான்.